பெண்ணுக்கு மாமன் யார்?

சேசு மரி சூசை

புதுச்சேரி
1934 ஜனவரி 18

மகா-ராஜ-ராஜ-ஸ்ரீ சவரிராயன் உபாத்தியாயர் அவர்கள் சமூகத்துக்கு, புதுச்சேரி மிஷேல் மனைவி செலஸ்தீன் எழுதிக்கொள்வது.

இத்தனை வருஷமாக 'அண்ணே' என்று தொடங்கித்தான் உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு அப்படித் தொடங்கினால் நான் பொய் சொன்னவள் ஆவேன். அப்படித்தான் நீங்கள் அச்சில் போட்டிருக்கிறீர்கள்.

முதலில் நல்ல சேதி. எமிலிக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. பையன் பெயர் பிரான்சுவா. சைகோனில் துறைமுக ஆபீசில் உத்தியோகம். என் வீட்டுக்காரர் அங்கேயே பார்த்துப் பேசிப் பிடித்துப்போய், சம்மதம் எழுதி அனுப்பிவிட்டார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை, கலியாணத்துக்கு வர மாட்டார். மே மாதக் கப்பலில் மாப்பிள்ளை திரும்பிப் போக வேண்டும். அதனால் பாஸ்குப் பண்டிகை முடிந்ததும் ஏப்ரல் 16, திங்கட்கிழமை என்று நாள் குறித்திருக்கிறோம்.

பையனுக்கு அப்பா சகாயநாதன். நம் கோயிலில் பாட்டுக்காரர்களுக்குத் தலைவர். வெற்றிலை பாக்கு மாற்ற வந்த அன்றைக்கு, எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும் சமயம், இடுப்பிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தார். உங்கள் புராட்டஸ்டண்டு மிஷன் பத்திரிகை. "இதை எழுதினவர்தான பொண்ணுக்கு மாமன்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன், பெருமையாகத்தான் சொன்னேன். "அப்ப கேளுங்க" என்று கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

வேதத்தில் 'கர்த்தருடைய சகோதரர்' என்று வருகிற இடத்தில் இருக்கிற கிரேக்கச் சொல்லுக்குக் கூடப் பிறந்தவன் என்றுதான் அர்த்தம், சிற்றப்பன் மகன், பெரியப்பன் மகன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்கும் எங்கள் சுவாமியார்களுக்கும் உள்ள வழக்கு. தேவமாதாவுக்கு வேறு பிள்ளைகள் இருந்தார்கள் என்று உங்கள் சபைப் பதிதர்கள் சொல்வது எனக்குப் புதிது இல்லை. கேட்டால் காதைப் பொத்திக்கொள்வேன், அவ்வளவுதான். ஆனால் அதற்குக் கீழே இருந்தது என்னைப் பற்றி. அவர் வாசித்ததை என்னால் மறக்கவே முடியவில்லை: "தமிழர் சிற்றப்பன் மகனையும் அண்ணன் என்பார்கள். அது வாய் உபசாரம். எனக்கு உடன்பிறந்தார் இல்லை. என் பெரியப்பாவின் மகள் ஒருத்தி என்னை அண்ணன் என்று அழைக்கிறாள். அதனால் அவள் என் சகோதரி ஆகிவிடுவாளா? ஆகமாட்டாள்."

வாசித்து முடித்துவிட்டுச் சம்பந்தி பத்திரிகையை மடித்தார். "அவரே இல்லன்னுட்டார். அப்ப பொண்ணுக்கு மாமன்னு யார நிறுத்தப் போறீங்க?" என்றார். எமிலி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

என்ன பதில் சொல்லட்டும் என்று நீங்களே எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெரியப்பாவின் மகள் ஒருத்தி


தரங்கம்பாடி
1934 ஜனவரி 26

கர்த்தருக்குள் பிரியமான தங்கை செலஸ்தீனுக்கு,

உன் கடிதம் வந்தது. எமிலிக்குக் கலியாணம் என்று படித்ததும் என் வீட்டுக்காரி சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். அடுத்த பக்கத்தைப் படித்ததும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். இன்று வரை சோறு மட்டும் வருகிறது.

நீ கோபமாக இருக்கிறாய். கோபம் ஆறின பிறகு இதைப் படி.

நான் எழுதியது ஒரு சொல்லைப் பற்றி. அதெல்போஸ் என்பது அந்தச் சொல். அதைப் பிரித்தால் ஒரே கருப்பையிலிருந்து வந்தவன் என்று ஆகும். நாம் சகோதரன் என்கிறோமே, அதையும் பிரித்தால் ஒரே வயிற்றில் பிறந்தவன்தான். சிற்றப்பன் மகனுக்குக் கிரேக்கத்தில் அனெப்சியோஸ் என்று தனிச் சொல் இருக்கிறது. அப்போஸ்தலர் பவுலே ஒரு நிருபத்தில் அதைக் கையாளுகிறார். தனிச் சொல் கைவசம் இருக்கும்போது சுவிசேஷகர்கள் ஏன் மற்றதை எழுதினார்கள்? அதுதான் என் கேள்வி. யூதர் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல், அந்த வழக்கம் கிரேக்கத்திலும் வந்துவிட்டது என்று உங்கள் பக்கத்தில் சொல்கிறார்கள். அதைத்தான் மறுத்தேன். அதற்குத் தமிழில் ஒரு உதாரணம் வேண்டியிருந்தது. எழுதுகிற நேரத்தில் உன் ஞாபகம் வந்தது. எழுதிவிட்டேன்.

பெயர் போடவில்லை. புதுச்சேரி என்றும் போடவில்லை. எங்கள் பத்திரிகையைப் புதுச்சேரியில் யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு பாட்டுக்காரர் வரி விடாமல் படிக்கிறார் என்று இப்போது தெரிகிறது.

நீ எனக்கு யார் என்று உனக்குத் தெரியாதா? என்னைப் பெற்றவள் வாந்திபேதியில் போனபோது எனக்கு ஆறு மாதம். உனக்கு இரண்டு மாதம். பெரியம்மா இரண்டு பேருக்கும் ஒரே மடியில் பால் கொடுத்தாள். இதை நான் உனக்கு எழுத வேண்டுமா? ஆனால் பால் வேறு, வயிறு வேறு. அதை நான் மாற்ற முடியாது. மாற்றினால் நான் மாணவர்களுக்குக் கிரேக்கம் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

சம்பந்தியிடம், எழுதியது கிரேக்கம், குடும்பத்தைப் பற்றி அல்ல என்று சொல். படித்த மனிதர்தானே, புரிந்துகொள்வார்.

உன் அண்ணன்,
சவரிராயன்


சேசு மரி சூசை

புதுச்சேரி
1934 பிப்ரவரி 4

அண்ணே,

உன் வீட்டுக்காரி இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு. அவளுக்காகத்தான் இந்தக் கடிதத்தை 'அண்ணே' என்று தொடங்கியிருக்கிறேன்.

நீ சொல்லச் சொன்னதைச் சம்பந்தியிடம் சொன்னேன். அவர் புரிந்துகொள்ளவில்லை. புரிந்துகொள்ளாமல் இருப்பதில்தான் அவருக்கு லாபம். என் சித்தி மகன் அலெக்சாண்டரை மாமனாக நிறுத்தலாம் என்கிறார். அலெக்சாண்டரிடம் மோட்டார் கார் இருக்கிறது. பெண்ணைக் காரில் கோயிலுக்கு அழைத்துப்போனால் சம்பந்தி வீட்டுக்குக் கௌரவம். நான் கேட்டேன்: "சித்தப்பா மவன் அண்ணன் இல்லன்னா சித்தி மவன் மட்டும் எப்படிங்க தம்பி ஆவான்? கிரேக்கம் கார் வச்சிருக்கவனுக்குப் பாயாதா?" அதற்கு அவர், அலெக்சாண்டர் அப்படி எங்கேயும் எழுதவில்லையே என்றார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அண்ணே, போன வாரம் நகரசபை மேரி ஆபீசில் கலியாணப் பதிவுக்கு விவரம் கொடுக்கப் போனேன். நெருங்கின சொந்தம் யார் என்று கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னேன். கிளார்க் பிரெஞ்சில் 'கூசேன்' என்று எழுதினான், சித்தப்பா மகன், அத்தை மகன் எல்லாருக்கும் அவர்களுக்கு அந்த ஒரே சொல்தான். எனக்குக் கோபம் வரவில்லை. பிரெஞ்சுக்காரனுக்கு அவன் முறை, அவன் எழுதினான். கிரேக்கனுக்கும் அவன் முறை இருக்கட்டும். நீ தமிழில் எழுதினாய். அதற்குத்தான் வயிறெரிகிறது.

நம் வீட்டு வழக்கத்தை நீ மறந்திருக்க மாட்டாய். பெண் வாசல் இறங்குவதற்கு முன்னால் சம்பந்தி பந்தலில் நின்று, "பெண்ணுக்கு மாமன் யார்?" என்று மூன்று தரம் கேட்பார். 'நான்' என்று ஒருவன் சொல்லி வெற்றிலை வாங்க வேண்டும். அவன்தான் பெண்ணின் கையைப் பிடித்துக் கோயில் வாசல் வரை நடத்திப்போக வேண்டும். அப்பா சைகோனில் இருக்கிறார், அவளுக்குக் கூடப் பிறந்தவன் கிடையாது. மாமனும் இல்லை என்றால் எமிலியை யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளை மாதிரி அனுப்ப வேண்டும். எனக்கு நீ ஒருவன்தான். அலெக்சாண்டரை எமிலி அவள் வயசுக்கு நாலு தடவை பார்த்திருப்பாள்.

பங்குச் சுவாமியாரிடமும் கேட்டுவிட்டேன். பதிதன் கோயிலுக்குள் சாட்சியாக நிற்கக் கூடாதாம். அதற்கு மேல் அவர் சொன்னது: "வாசல் வரைக்கும் உன் வீட்டுச் சடங்கு, வாசலுக்கு உள்ளே என் வீட்டுச் சடங்கு. வாசல் வரைக்கும் யார் வேண்டுமானாலும் கூட்டி வரட்டும்." அதுவே போதும் எனக்கு.

கிரேக்கத்தை மாற்றச் சொல்லவில்லை. வந்து நின்று 'நான்' என்று ஒரு வார்த்தை சொல். வருவாயா?

செலஸ்தீன்


தரங்கம்பாடி
1934 பிப்ரவரி 21

அன்புள்ள தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதம். எப்படி எழுதினாலும் நன்றாக வரவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன், வர முடியாது.

எங்கள் பள்ளியின் தலைவர், வெள்ளைக்காரப் பெரிய ஐயரிடம் லீவு கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு யோசித்தார். "சிற்றப்பன் மகன் சகோதரன் அல்ல என்று நீர் எழுதினீர். சில மாதத்திலேயே ரோமைச் சபையார் கூடிய பந்தலில், அவர்கள் கேட்கிற கேள்விக்கு, சகோதரன் என்று சாட்சி சொல்லப்போகிறீர். அவர்கள் விடுவார்களா?" என்றார். விடமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். உன் சம்பந்தி அந்தப் பத்திரிகையை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

போகக் கூடாது என்று பெரிய ஐயர் சொல்லவில்லை. கிரேக்க வகுப்பு பெரிய பொறுப்பு என்று மட்டும் சொன்னார். இந்த வகுப்புக்கு நான் எப்படி வந்தேன் என்று உனக்குத் தெரியும். அச்சாபீசில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தவன். வெள்ளைக்கார ஐயர்களைத் தவிர வேறு யாரும் இங்கே அதைச் சொல்லிக்கொடுத்தது இல்லை. நான் இடறினால், தமிழனை நம்பிக் கொடுத்தது தப்பு என்பார்கள்.

எமிலிக்கு மாமன் சீராகக் கூறைப் புடவை ஒன்று எடுத்து, புதுச்சேரிக்கு வருகிற நம் ஊர்க் கோவிந்தசாமி கையில் கொடுத்தனுப்புகிறேன். என் வீட்டுக்காரிதான் தேர்ந்தெடுத்தாள். அலெக்சாண்டர் கை பிடித்தால் என்ன, நான் பிடித்தால் என்ன? பெண் நன்றாக வாழ வேண்டும், அதுதானே வேண்டும்.

என்னைத் திட்டாதே.

சவரிராயன்


புதுச்சேரி
1934 மார்ச் 6

அண்ணே,

திட்டவில்லை. கோவிந்தசாமி திரும்பி வருகிறபோதே புடவையும் கூட வரும். நல்ல புடவை, குறை ஒன்றும் இல்லை. புடவையை மட்டும் அனுப்புகிறவன் துணிக்கடைக்காரன்.

அலெக்சாண்டரிடம் பேசிவிட்டேன், சம்மதித்துவிட்டான். காருக்கு வெள்ளை பூசப்போகிறானாம். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். ஆடவில்லை. அவ்வளவுதான்.

எமிலி ஒன்று கேட்கச் சொன்னாள். இது நாள் வரை உன்னை 'மாமா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இனி என்ன முறை சொல்லிக் கூப்பிட வேண்டும்? அம்மாவுக்கு அண்ணன் ஆகாத ஆளுக்குக் கிரேக்கத்தில் ஏதாவது சொல் இருந்தால் எழுதி அனுப்பு. சைகோனுக்குப் போவதற்குள் பழகிக்கொள்வாள்.

செலஸ்தீன்


தரங்கம்பாடி
1934 மார்ச் 12

தங்கைக்கு,

மாமா என்றே கூப்பிடச் சொல்.

சனிக்கிழமை மாயவரத்தில் ரயில் ஏறுகிறோம், ஏப்ரல் 14. புடவையும் வருகிறது. வீட்டுக்காரியும் வருகிறாள். அலெக்சாண்டரின் காரை ஸ்டேஷனுக்கு அனுப்பு, மூட்டை நிறைய இருக்கிறது.

சவரி


சேசு மரி சூசை

புதுச்சேரி
1934 ஏப்ரல் 22

அண்ணே,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. எமிலி மாமியார் வீட்டில் இருக்கிறாள், தினம் ஒரு தரம் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறாள். உன் கூறைப் புடவையைப் பெட்டியில் அடியில் வைத்துவிட்டாள். சைகோனுக்குப் போய்த்தான் கட்டுவாளாம்.

நீ புறப்படுகிற அவசரத்தில் கேட்க முடியாமல் போன ஒன்றைக் கேட்க வேண்டும். அன்றைக்குப் பந்தலில் என்ன நடந்தது?

நான் உள்ளே எமிலிக்குத் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தேன். பெண்டுகள் சத்தத்தில் வெளியே பேசுவது எதுவும் கேட்கவில்லை. சம்பந்தி குரல் ஒரு தரம் கேட்டது. பிறகு பெரிய சிரிப்பு கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. எமிலி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "மாமா போய்ட்டாராம்மா?" என்று கேட்டாள். எனக்கும் அதே பயம்தான். அப்புறம் கதவு திறந்தது, நீ நின்றுகொண்டிருந்தாய். முகம் செத்தவன் முகம் மாதிரி இருந்தது. எமிலியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டாய். வெயிலில் கோயில் வரைக்கும் நடந்துதான் போனீர்கள், வெள்ளைக் கார் பின்னாலேயே சும்மா வந்தது. கோயில் வாசலில் நீ கையை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றதையும் பார்த்தேன்.

இப்போது ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நீ எழுதியது தப்பு என்று எல்லார் முன்பும் மன்னிப்புக் கேட்டாய் என்கிறான் ஒருவன். கிரேக்கத்தில் சபித்தாய் என்கிறான் இன்னொருவன். அழுதாய் என்று அலெக்சாண்டர் பெண்டாட்டி சொல்கிறாள். நம் கோயில் மாதப் பத்திரிகையில் சுவாமியார் வேறு எழுதிவிட்டார்: 'சகோதரன் அல்ல என்று எழுதியவர் சகோதரனாய் நின்றார். தமது போதகம் தவறு என்று தமது வாயாலேயே ஒப்புக்கொண்டார்.' கோயிலே சிரிக்கிறது. சம்பந்தி என்னைப் பார்த்தால் முன்னை விட மரியாதை காட்டுகிறார்.

எனக்கு ஊர்க்கதை வேண்டாம். உன் வாயால் நீ என்ன சொன்னாய் என்று எழுது.

செலஸ்தீன்


தரங்கம்பாடி
1934 மே 1

அன்புள்ள தங்கைக்கு,

நான் அழவில்லை, சபிக்கவும் இல்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

நடந்தது இது. உன் சம்பந்தி வெற்றிலைத் தட்டோடு பந்தல் நடுவில் நின்றார். வழக்கப்படி, "பெண்ணுக்கு மாமன் யார்?" என்று கேட்டார். பெரிய ஐயர் கண்ணாடியைக் கழற்றுகிற முகம் எனக்கு முன்னால் நின்றது. பேசாமல் இருந்தேன். அவர் இரண்டாம் தரம் கேட்டார், கூடவே, "கிரேக்கப்படி சொல்றீங்களா, தமிழ்ப்படி சொல்றீங்களா?" என்று சேர்த்துக்கொண்டார். நீ கேட்ட சிரிப்பு அதற்குத்தான். எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்றாம் தரம் கேட்டார். அலெக்சாண்டர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தான்.

அவன் கால் முன்னால் வந்ததைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. இவன் யார் எங்கள் வீட்டுப் பெண்ணின் கையைப் பிடிக்க என்றுதான் தோன்றியது. கிரேக்கமும் இல்லை, பெரிய ஐயரும் இல்லை. நான் சொன்னது இவ்வளவுதான்:

"மாமன் நான்தான். அதை எழுதினவனும் நான்தான். ரெண்டையும் நான் மறுக்கல. வெத்தலையக் கொடுங்க, பொண்ணு வரணும்."

யாரும் சிரிக்கவில்லை. சகாயநாதன் தட்டை நீட்டினார். பாவம் அலெக்சாண்டர், காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

ஆகவே உங்கள் சுவாமியார் எழுதியிருப்பது பொய். என் போதகம் தவறு என்று நான் சொல்லவில்லை. கட்டுரையில் ஒரு எழுத்தைக் கூட மாற்ற மாட்டேன். சுவாமியார் எழுதினது இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது. பெரிய ஐயர் கூப்பிட்டு, மறுப்பு ஒன்று எழுதித் தரும்படி கேட்டார். வாசகத்தையும் அவரே சொன்னார்: நான் அந்தக் கலியாணத்துக்கு ஒரு விருந்தாளியாக மட்டுமே போனேன், மாமன் என்பது ஊர் உபசார வார்த்தை, அந்தப் பெண்ணின் தாய்க்கும் எனக்கும் சகோதர உறவு கிடையாது.

போன வருஷமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன். பாதிக்கு மேல் நானே எழுதிய வார்த்தைதானே. கட்டுரையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுகிறேன், தங்கையைப் பற்றி எழுத மாட்டேன் என்றேன். இரண்டையும் பிரிக்க முடியாது என்றார் அவர். பிரிக்க முடியாதபடி செய்தவன் நான்தான், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஜூன் முதல் கிரேக்க வகுப்பு எனக்கு இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். சம்பளம் கொஞ்சம் குறையும், சோற்றுக்குக் குறைவில்லை. வீட்டுக்காரி இப்போது என்னோடு நன்றாகப் பேசுகிறாள். பத்திரிகையிலும் இனி என் எழுத்து வராது. அதுதான் மனசை அறுக்கிறது. வகுப்பு போனது போகட்டும். நான் சொல்லாததைச் சொன்னேன் என்று ஊரெல்லாம் அச்சடித்துப் போட்டிருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல எனக்கு இரண்டு வரி இடம் இல்லை. படித்தவன் இப்படித்தான் கடைசியில் மாட்டிக்கொள்வான் போலிருக்கிறது.

எமிலியைக் கப்பலேற்ற வர முடியாது. மாமா கும்பிட்டுக்கொள்கிறார் என்று சொல்.

உன் அண்ணன்,
சவரி


சேசு மரி சூசை

புதுச்சேரி
1934 மே 14

அண்ணே,

எமிலி கப்பல் ஏறிவிட்டாள். கடல் பாலத்தில் நின்று கை காட்டினேன், கப்பலுக்குப் படகில் போகும்வரை அவள் முகம் தெரிந்தது. அவளைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இப்போது எழுதினால் காகிதம் நனையும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. கிரேக்க வகுப்பு போனதற்காக அழுதேன். எனக்கு அந்தக் கிரேக்கத்தின் மேல் எவ்வளவு ஆத்திரம் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் அழுதேன். நீ அச்சாபீசில் விளக்கைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு அந்த எழுத்துகளைப் படித்துப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டது எனக்குத் தெரியாதா?

முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சுவாமியாரைப் பார்க்கப் போனேன். பூசை உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். சகாயநாதனும் பக்கத்தில் இருந்தார். நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். "சாமி, எங்கண்ணன் ஒத்துக்கிட்டதா எழுதியிருக்கீங்க. அவர் ஒத்துக்கல. எழுதினதும் நான்தான், மாமனும் நான்தான்னுதான் சொன்னார். இதோ நிக்கிறாரே, இவர்கிட்டத்தான் சொன்னார்" என்றேன். சகாயநாதன் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். கடைசியில், "அப்படித்தான் சொன்னாருங்க" என்றார். அந்த மனிதரிடம் அந்த அளவுக்கு நேர்மை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சுவாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. பதிதனுக்குப் பரிந்து பேசுகிறாயா என்றார். உனக்குக் கிரேக்கம் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். பின்னே எதற்கு இந்த வழக்கில் தலையிடுகிறாய் என்றார். நான் வழக்கில் தலையிடவில்லை, எங்கள் வீட்டுக் கலியாணத்தை எடுத்து நீங்கள்தான் வழக்கில் போட்டீர்கள், அதை எடுத்துவிடுங்கள் என்றேன். பத்திரிகையில் திருத்தம் போட முடியாது, போட்டால் எங்கள் பக்கத்துக்கு அவமானம் என்றார். அப்படியானால் நானே வாயால் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நேற்றுப் பூசை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது கோயில் வாசலில் நின்றுகொண்டேன். நீ எமிலியின் கையை விட்ட அதே இடம். வந்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்திச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். அலெக்சாண்டர் பெண்டாட்டி எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறாளாம். அடுத்த ஞாயிறும் நிற்பேன். மாதப் பத்திரிகை எத்தனை பேருக்குப் போகிறதோ அத்தனை பேருக்கும் சொல்லி முடிக்கிற வரைக்கும் நிற்பேன். பீடத்துக்கு லேஸ் பின்னுகிற வேலையை என்னிடமிருந்து எடுத்து வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். அவளுக்கு ஊசி பிடிக்கவே தெரியாது. போகட்டும்.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் உன் பக்கம் வந்துவிட்டேன் என்று உன் பெரிய ஐயர் நினைத்துக்கொள்ள வேண்டாம். தேவமாதா என்றைக்கும் கன்னிதான், அவளுக்கு ஒரே பிள்ளைதான், நீ எழுதியது சுத்தத் தப்பு. நீ மனந்திரும்ப வேண்டும் என்று தினம் ஒரு ஜெபமாலை சொல்கிறேன். ஆனால் அண்ணே, நீ சொல்லாததை நீ சொன்னதாக எவனும் சொல்லக் கூடாது. நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் சொல்ல விடமாட்டேன்.

உன் தங்கை,
செலஸ்தீன்